தூது பயில்வார்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்தது திருக்கோவலூர். இக்காலத்தார் அதனைத் திருக்கோவிலூர் என வழங்குவர். உலகளந்த பெருமாள் கோயிலின் நெடிய கோபுரமும், கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலும், ஆற்றின்கண் நிற்கும் கபிலர் குன்றும் அவ்வூருக்கு அணி செய்வன. சங்க காலத்தில் கோவலூர் என்னும் பெயரோடு மலையமான்களின் தலைநகராய் விளங்கிய இவ்வூர், 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்து நிற்கின்றது. மலையமான் திருமுடிக்காரியின் கொடைச் சிறப்பை மாணவர் பலர் அறிந்திருப்பர். கோவலூரோடு தொடர்புடைய வேறு செய்திகளும் புறநானூற்றில் உண்டு. அவை கொடையைப் பற்றியன அல்ல, சொல்லைப் பற்றியன. ஒருவர் பொருட்டு மற்றொருவர் சென்று பேசும் சொல்லின் ஆற்றலை அவை காட்டுகின்றன.

இவற்றை இங்கே எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அயல்நாடுகளில் உள்ள தூதரகங்களில் சில திங்களேனும் பணி பழக வேண்டும் என்னும் விருப்பம் இந்நாள் இளைஞர் பலருக்கு இருக்கின்றது. விருப்பம் நன்றே. ஆயினும், அங்கே பழக வேண்டிய பணி யாது என்பதை ஆராயாமல், கடல் கடந்து செல்லும் பெருமை ஒன்றையே கருதுவோர் மிகப் பலர். ஆதலின், முதற்கண் பணியின் இயல்பைப் பழைய செய்திகளைக் கொண்டு அறிவோம். அதன்பின் அதனைப் பயிலும் வழிகளைக் காண்போம்.

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமான்பால் பகை கொண்டான். மலையமானுடைய மக்களைப் பற்றிக் கொணர்ந்து யானையின் காலில் இட்டுக் கொல்லத் துணிந்தான். அம்மக்கள் தலைமயிர் முதிராத சிறுவர்கள். யானையும் வந்து நின்றது. அவ்வேளையில் கோவூர் கிழார் என்னும் புலவர் அரசன்முன் சென்றார். அவர் மலையமானால் விடுக்கப்பட்ட தூதர் அல்லர். அவர் கையில் ஓலை இல்லை. பின்னே படை இல்லை. ஆயினும் அவர் பேசிய முறை தூதுக்கு இலக்கணமாக அமைந்தது. புறா ஒன்றின் துயரைத் தீர்க்கத் தன் உடலையே தந்த முன்னோன் ஒருவனை வளவனுக்கு முதலில் நினைவூட்டினார். புலவரது வறுமை கண்டு தம் உணவைப் பகுத்துக் கொடுத்து உண்ணும் குடியில் வந்தவர் இச்சிறுவர் என்பதை அடுத்துச் சொன்னார். பின்னர் அச்சிறுவரையே காணுமாறு செய்தார். யானையைக் கண்ட வியப்பில் அவர்கள் அழுகையை மறந்துவிட்டனர். முன்பின் அறியாத மன்றத்தைப் பார்த்து மருண்டு நிற்கின்றனர். இதற்குமுன் அறியாத புதிய வருத்தம் ஒன்று அவர்களைப் பற்றியிருக்கின்றது. இவ்வளவே கூறிவிட்டு, இனிச் செய்வது அரசனது விருப்பம் என்று அமைந்தார். சிறுவர் உயிர் பிழைத்தனர்.

மாணவர்களே, இப்பேச்சில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ‘கொல்லாதே’ என்னும் சொல் இதில் யாண்டும் இல்லை. அரசனைப் பழிக்கும் சொல்லும் இல்லை. கேட்பவனது பெருமை, காக்கப்பட வேண்டியவரின் தகுதி, கண்முன் நிற்கும் உண்மை நிலை ஆகிய இவையே சொல்லப்பட்டன. முடிவு செய்யும் உரிமை அரசனிடமே விடப்பட்டது. அவ்வுரிமையைப் பறிப்பதுபோலப் பேசியிருந்தால், சினம் மிக்க வேந்தன் யானையை ஏவியிருப்பான் என்றே யான் கருதுகின்றேன்.

ஒளவையார் சென்ற தூது இன்னும் பலர் அறிந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அவரைத் தொண்டைமானிடம் தூது விடுத்தான். தன் படைவலியைக் காட்ட விரும்பிய தொண்டைமான், படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஒளவையார் அவற்றைப் புகழ்ந்தார்! அவை மாலை சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன என்றார். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். போரிற் பயன்பட்டவை எவை, படாதவை எவை என்பதைத் தொண்டைமானே உணர்ந்துகொள்ளும்படி விட்டார். இவ்வதியமானே கோவலூரின்மேற் படையெடுத்து வென்றவன். அவ்வெற்றியையும் ஒளவையார் பாடியிருக்கின்றார். நம் ஊரை அழித்தவனுடைய தூதர் அவர். ஆயினும், அவர் சென்ற தூதினைப் புகழாதிருக்கக் கோவலூராராலும் இயலாது.

மூன்றாவது செய்தி கோவலூரைச் சார்ந்ததன்று. எனினும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்னும் புலவன் உறையூருக்குச் சென்றான். அங்கிருந்த நெடுங்கிள்ளி, இவன் பகைவன் விடுத்த ஒற்றன் என்று ஐயுற்றுக் கொல்லப் புகுந்தான். அப்போதும் கோவூர் கிழாரே சென்று காத்தார். பரிசில் பெற்று வாழும் புலவர் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர் என்று எடுத்துரைத்தார். வேற்று நாட்டிலிருந்து வருபவன் தூதனா ஒற்றனா என்னும் ஐயம் அரசியலில் என்றும் உள்ளது. அதனைத் தீர்க்க உலக நாடுகள் கூடி எழுதிக்கொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் அது கையொப்பம் பெற்றது. தூதரைச் சிறைப்பிடித்தல் கூடாது. அவரது இருப்பிடத்துள் இசைவின்றிப் புகுதல் கூடாது. தூதரும் தாம் வாழும் நாட்டின் செய்திகளைச் சட்டத்திற்கு உட்பட்ட வழிகளிலேயே அறிதல் வேண்டும் என்பன அதன் முதன்மையான விதிகளுட் சில. 1972-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இவ்வுடன்படிக்கைக்குச் சட்ட வடிவம் தந்தது. இளந்தத்தனுக்குக் கோவூர் கிழாரின் சொல் அளித்த காவலை இன்றைய தூதர்க்கு இவ்விதிகள் அளிக்கின்றன.

திருக்குறளில் தூது என்பதற்கே ஓர் அதிகாரம் உண்டு. அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இருவகையினராகப் பகுப்பர். அரசன் கருத்தை உணர்ந்து, காலமும் இடமும் நோக்கித் தானே வகுத்துக் கூறுபவன் ஒருவன்; அரசன் சொன்னதைச் சொன்னவாறே கூறுபவன் மற்றொருவன். இவர்களோடு, ஓலையைக் கொடுத்துவிட்டு வாளா நிற்பவனையும் சேர்த்து மூவகையாக எண்ணுதலும் உண்டு. தலையாய தூதனாக ஒருவன் பிறந்த அன்றே ஆகிவிடுவதில்லை. ஓலை கொடுத்து நிற்கும் நிலையிலிருந்தே அவன் தொடங்குகின்றான். இக்காலத்திற் பணிப்பயிற்சி என்பது அந்நிலையே. அதனைச் சிறுமை என எண்ணுபவன் தலையாய தூதன் ஆதல் அரிது.

இனி, இன்றைய தூதரகத்தின் அமைப்பைச் சிறிது காண்போம். ஒரு நாட்டின் தலைநகரில் நம் அரசு நிறுவும் நிலையம் தூதரகம் எனப்படும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்று காமன்வெல்த்தைச் சேர்ந்த நாடுகளாயின் உயர் ஆணையம் எனப்படும். தலைநகரன்றிப் பிற பெருநகரங்களில் உள்ளவை துணைத் தூதரகங்கள். அரசியற் பேச்சு, வாணிகம், பண்பாடு, செய்தித் தொடர்பு எனப் பல பிரிவுகள் ஒரு தூதரகத்தில் இருக்கும். இவற்றுள் நாளிதழ்கள் மிகுதியாக எழுதாத பிரிவு ஒன்று உண்டு. கடவுச்சீட்டை இழந்தவர், ஊதியம் பெறாதவர், நோயுற்றவர், சிறைப்பட்டவர், இறந்தவரின் சுற்றத்தார் ஆகியோர் வந்து நிற்கும் பிரிவு அது. வளைகுடா நாடுகளில் தொழிலாளர் நலனுக்கெனத் தனி அலுவலர்களும் இருப்பர். எளிய மக்களுக்குத் தூதரகம் என்பது இப்பிரிவே.

திருக்கோவிலூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒருவர் வளைகுடா நாட்டிற்குக் கட்டட வேலைக்குச் செல்கின்றார் என வைத்துக்கொள்வோம். அங்கே அவர் இறந்துபோனால் அவர் மனைவி யாது செய்வார்? திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர் கூட்டத்திற்கு மனுவோடு செல்வார். அம்மனு, அயலகத் தமிழர் நலத்தைக் கவனிக்கும் மாநில அரசுத் துறையின் வழியாகவும் பிற வழிகளாலும் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை அடையும். தூதரகத்தார் இறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். கடவுச்சீட்டை நீக்கம் செய்தல் வேண்டும். அந்நாட்டுக் காவல் துறையின் இசைவையும் மருத்துவமனையின் சான்றையும் பெறுதல் வேண்டும். வேலை கொடுத்தவரோடு பேசி, உடலைக் கொணரும் செலவையும் எஞ்சிய ஊதியத்தையும் கேட்டு வாங்க முயலுதல் வேண்டும். இத்தனையும் முடியும்வரை அக்குடும்பம் வாயிலைப் பார்த்துக் காத்திருக்கும். ஒரு தாள் ஒரு மேசையில் ஒரு நாள் தூங்கினால், இங்கே ஓர் இரவு கூடுதலாக விளக்கு எரியும்.

2024-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள் விடியற்காலையில் குவைத்து நாட்டு மங்காஃப் என்னும் இடத்தில், தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் தீப்பற்றியது. இந்தியர் 45 பேர் மாண்டனர். அவருள் எழுவர் தமிழ்நாட்டினர். உடல்கள் சில அடையாளம் காண இயலாதவாறு இருந்தமையின் மரபணுச் சோதனை செய்ய நேர்ந்தது. எனினும் இரண்டு நாட்களுக்குள், சூன் 14-ஆம் நாள், இந்திய விமானப்படையின் விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொணர்ந்தது. பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தல், உறவினரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுதல், சான்றுகளை எழுதுதல் ஆகிய பணிகள் இரவு பகலாக நடைபெறாவிடின் அது கைகூடாது. ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் ஒருவர் உடல் மற்றொருவர் வீட்டிற்குச் சென்றுவிடும் அன்றோ?

உக்ரைன் நாட்டில் 2022-ஆம் ஆண்டு பிப்பிரவரி 24-ஆம் நாள் போர் மூண்டபோது நிகழ்ந்ததும் நினைவுகூரத் தக்கது. அந்நாட்டில் மருத்துவம் பயின்ற இந்திய மாணவர் பல்லாயிரவர். தமிழ்நாட்டு மாணவரும் மிகப் பலர். வான்வழி அடைபட்டது. பனியில் நடந்தும், நெரிசல் மிக்க தொடர்வண்டிகளில் ஏறியும் அவர்கள் போலந்து, உருமேனியா, அங்கேரி, சுலோவாக்கியா நாடுகளின் எல்லைகளை அடைந்தனர். ஏறத்தாழ 22,500 இந்தியர் தாயகம் திரும்பினர். அப்போது நம் வெளியுறவு அமைச்சகம், உருசிய மொழி அறிந்த அலுவலர்களைத் தேர்ந்தெடுத்து எல்லைக்கு அருகிலுள்ள நகரங்களுக்கு அனுப்பியது. எல்லைக் காவலரிடம் அவர்க்கு விளங்கும் மொழியிற் பேசவல்ல ஒருவர், அந்நேரத்தில் நூறு வண்டிகளினும் பயனுடையவர். பிறமொழி கற்பதன் பயனை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய பணியை எங்ஙனம் பழகுவது? பட்டம் பெற்ற இளைஞர்க்குப் புதுதில்லியிலுள்ள வெளியுறவு அமைச்சகம் பணிப்பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்துகின்றது. பட்டப்படிப்பை முடித்தவரும், பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ள இறுதியாண்டு மாணவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். வயது 25-ஐக் கடத்தல் கூடாது. பயிற்சிக் காலம் ஒரு திங்கள் முதல் மூன்று திங்கள் வரை. திங்கள்தோறும் ஊக்கத்தொகையும் தரப்படும். எல்லா மாநிலங்களுக்கும் இடம் கிடைக்குமாறு தேர்வு நடைபெறுகின்றது. விண்ணப்பத்தை அமைச்சகத்தின் இணையத்தளத்தில் தாமே பதிவு செய்தல் வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுமாதலின், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்தே எதனையும் செய்க.

பயிற்சி பெறுவோர்க்கு முதல் நாளே பெரும் பணி தரப்படும் என எண்ணுதல் வேண்டா. ஒரு நாட்டைப் பற்றிய செய்திகளைத் திரட்டிக் குறிப்பு எழுதுதல், நாளிதழ்ச் செய்திகளைச் சுருக்குதல், கூட்டங்களுக்கு வேண்டியவற்றை ஒழுங்கு செய்தல், பழைய கோப்புகளை வரிசைப்படுத்துதல் ஆகியவையே பெரும்பாலும் கிடைக்கும். மறைபொருளான தாள்கள் அவர் கண்ணிற் படா. கண்ட செய்திகளையும் வெளியிற் பேசுதல் கூடாது. இங்ஙனம் சில திங்கள் இருந்தவர், அலுவலர் ஒருவர் ஒரு கடிதத்தை எத்தனை முறை திருத்துகின்றார், எச்சொல்லை ஏன் நீக்குகின்றார் என்பதைக் கண்ணாரக் காண்பர். அக்காட்சியே பயிற்சி. வள்ளுவர் தூதனுக்குக் கூறிய இயல்புகளுள், பலவற்றைத் தொகுத்துச் சுருங்கச் சொல்லுதலும், கடுஞ்சொற்களை விலக்குதலும், கேட்போர் மகிழுமாறு உரைத்தலும் அடங்கும். அவற்றை நூலிற் படித்தல் ஒன்று. ஒரு மேசையின் அருகில் அமர்ந்து காணுதல் மற்றொன்று.

அயல்நாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்களுட் சிலவும், அங்கங்கே உயர்கல்வி பயிலும் மாணவர்களைச் சில திங்களுக்குச் சேர்த்துக்கொள்வதுண்டு. ஆனால் இவ்வாய்ப்புகளிற் பல ஊதியம் இல்லாதவை. வேற்று நாட்டுத் தலைநகர் ஒன்றில் மூன்று திங்கள் தங்குதற்கு ஆகும் செலவைத் தாங்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை? கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் வாழும் உழவரின் மகளுக்கும், பெருநகரச் செல்வரின் மகனுக்கும் அவ்வாயில் ஒரே அளவாகத் திறந்திருக்கின்றது என்று கூறுதல் வாய்மையாகாது. ஊதியமின்றி உழைக்க வல்லவர்க்கே முதற்படி என்பது முறையன்று என்பதே என் கருத்து. ஆகவே, ஊக்கத்தொகையோடு கூடிய தில்லிப் பயிற்சியையே நம் பகுதி மாணவர் முதலில் நாடுதல் நலம். அன்றியும், சென்னையில் அமெரிக்கா, செருமனி, சப்பான், இலங்கை முதலிய நாடுகளின் தூதரக நிலையங்கள் உள்ளன. அமெரிக்க அரசு 1794-ஆம் ஆண்டிலேயே சென்னைக்குத் தன் முகவர் ஒருவரை நியமித்தது என்பது வரலாறு. இந்நிலையங்கள் நடத்தும் சொற்பொழிவுகள், கண்காட்சிகள், மாணவர் கூட்டங்கள் முதலியவற்றிற்குச் செல்லுதலும் ஒருவகைப் பழக்கமே. செருமன் மொழியையும் பிரெஞ்சு மொழியையும் கற்பிக்கும் நிலையங்களும் அந்நகரில் உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறாது மேற்செல்லுதல் கூடாது. தூதரகத்தில் வேலை வாங்கித் தருவேன், பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவேன் என்று கூறிப் பணம் கேட்போர் உளர். சிற்றூர்களில் நிலத்தை ஒற்றி வைத்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும் இத்தகையோரிடம் பொருளை இழந்தவர் உண்டு. அரசின் பயிற்சித் திட்டத்திற்கு இடைத்தரகர் என்று எவரும் இல்லை. வேறு வேலைகளுக்கு அயல்நாடு செல்வோரும், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர்தாமா என்பதை விசாரித்தே பணம் கொடுத்தல் வேண்டும். பதிவு பெற்றோரின் பட்டியலை அரசே வெளியிட்டிருக்கின்றது.

பயிற்சியோடு அமையாமல் தூதுத் தொழிலையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்புவோர்க்கு உரிய வாயில் இந்திய வெளியுறவுப் பணி. 1946-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அப்பணி தோற்றுவிக்கப்பட்டது. ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப்பணித் தேர்வில் சிறந்த இடம் பெறுவோருள் மிகச் சிலரே இதற்குத் தெரிந்தெடுக்கப்படுவர். பட்டம் பெற்று 21 வயது நிரம்பியவர் அத்தேர்வை எழுதலாம். அதன் முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுத இடமுண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். தேர்ந்தவர் முதலில் முசௌரியிலும், பின்னர்ப் புதுதில்லியிலுள்ள சுஷ்மா சுவராஜ் அயலகப் பணி நிலையத்திலும் பயில்வர். பயிற்சிக் காலத்திலேயே அவர்களை அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றிற்குச் சில நாள் அனுப்பி அங்குள்ள பணிகளைக் காணச் செய்வர். பின்னர் ஒவ்வொருவர்க்கும் ஓர் அயல்மொழி வகுக்கப்படும். அரபு, சீனம், உருசியம், பிரெஞ்சு போன்ற ஒன்றை, அது வழங்கும் நாட்டிலேயே மூன்றாம் செயலாளர் என்னும் பெயரோடு இருந்து கற்றல் வேண்டும். அம்மொழித் தேர்வில் தேறிய பின்னரே பணி உறுதி செய்யப்படும். தேர்ந்தெடுக்கப்பட்ட அலுவலரும் மாணவராகவே தொடங்குகின்றார் என்பது இதனாற் புலனாகும். இதுவன்றி, பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்வு வாயிலாக வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து, அயல்நாட்டு நிலையங்களுக்குச் செல்லும் வழியும் உண்டு. முன்னதைப் போல இது பேசப்படுவதில்லை. ஆயினும் எளிய குடும்பத்து மாணவர்க்கு ஏற்ற வழி.

மாணவிகட்கும் ஒரு செய்தி கூறுதல் வேண்டும். ஒளவையார் தூது சென்ற நாட்டில், பெண்கள் தூதுப்பணி புகுவதற்கு இருபதாம் நூற்றாண்டிலும் தடை இருந்தது. குடகு நாட்டிற் பிறந்து சென்னையிற் கல்வி பயின்ற முத்தம்மா என்பவர் 1949-ஆம் ஆண்டு இந்திய வெளியுறவுப் பணியிற் சேர்ந்தார். அப்பணியிற் சேர்ந்த முதற்பெண் அவரே. மணம் செய்துகொண்டால் பணியைத் துறப்பேன் என்று அவரிடம் எழுதி வாங்கினர். ஆடவர் எவரிடமும் அங்ஙனம் வாங்கிலர். 1970-ஆம் ஆண்டு அவர் அங்கேரி நாட்டிற்குத் தூதராகச் சென்றார். அதன்பின், தமக்குரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நடைபெறுங்காலத்திலேயே அரசு அவருக்குப் பதவி உயர்வு தந்தது. எனினும் 1979-ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பெண்களை வேறுபடுத்தும் விதிகளைக் கடிந்துரைத்து, பணிவிதிகள் அனைத்தையும் மறுமுறை ஆராயுமாறு அரசுக்கு அறிவுறுத்தினார். இன்று அப்பணியில் மணமான பெண்கள் பலர் தூதராய் விளங்குகின்றனர்.

பள்ளி மாணவர் இப்போதே செய்யத்தக்கது யாது? ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதப் பழகுதல் வேண்டும் என்பதை எல்லாரும் கூறுவர், யானும் மறுக்கவில்லை. ஆயினும், தமிழைத் தெளிவாக எழுத வல்லவரும் தூதரகங்களுக்கு வேண்டும். கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நம் நிலையங்களை நாடி வருவோருள் தமிழன்றி வேறு மொழி அறியாதார் மிகப் பலர். அவர்தம் கலங்கிய பேச்சைக் கேட்டு, வேண்டுவதை மட்டும் பிரித்தெடுத்து, அலுவலர்க்கு ஆங்கிலத்தில் உரைத்தல் எளிதன்று. அதற்குச் சுருக்கி எழுதும் பழக்கம் வேண்டும். நாள்தோறும் நாளிதழில் ஒரு நீண்ட செய்தியை எடுத்து, பத்து வரியில் எழுதிப் பாருங்கள். மறுநாள் அதனையே ஐந்து வரியாக்குங்கள். உலகப் படத்தை விரித்து, அச்செய்தி நிகழ்ந்த இடத்தையும் அதன் அண்டை நாடுகளையும் குறியுங்கள்.

மற்றொரு பயிற்சியையும் கூறுவேன். வளைகுடா நாட்டில் வேலைக்குச் சென்று ஆறு திங்களாக ஊதியம் பெறாத ஒருவரின் மகனாக உங்களை வைத்துக்கொண்டு, அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதர்க்கு விண்ணப்பம் ஒன்று எழுதுங்கள். வகுப்பில் இதனை எழுதச் சொன்னால், முதன்முறை மாணவர் பலர் துன்பத்தை இரண்டு பக்கம் எழுதுவர். தாயின் கண்ணீர், தங்கையின் படிப்பு, கடன்காரரின் ஏச்சு ஆகிய யாவும் அதில் இருக்கும். தந்தையின் முழுப்பெயர், கடவுச்சீட்டின் எண், வேலை கொடுத்த நிறுவனத்தின் பெயர், அவர் தங்கியிருக்கும் ஊர், அவரது தொலைபேசி எண், ஊதியம் நின்ற திங்கள் ஆகியவை இருக்கமாட்டா. இரண்டாம் முறை எழுதும்போது இவற்றை முதற்பத்தியில் வைத்து, துன்பத்தை ஒரு வரியிற் சொல்லுங்கள். அவ்வொரு வரியையும் எழுதுமுன், யானையின்முன் நின்ற சிறுவரைக் கோவூர் கிழார் எத்தனை சொற்களிற் காட்டினார் என்பதை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டின் படி ஒன்றை இணைக்க மறத்தல் கூடாது. அந்த எண் இல்லாமல் தூதரகத்தார் அவரைத் தேடத் தொடங்குதலே அரிதாகும்.